எந்த அறுவைத் துறை? தென்னாப்பிரிக்காவில் ரெஜிஸ்ட்ரார் ஆக விரும்பும் இளம் மருத்துவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பன் சாட்ஸ்வர்த்தில் தைப்பூசக் காவடி முடிந்து சாப்பாட்டுப் பந்தலில் இலைக்காகக் காத்திருந்தேன். ஓர் அம்மா தன் மகனைக் கையோடு அழைத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர். "இதய அறுவைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் டாக்டர். சரிப்பட்டு வருமா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஏன் இதயம் என்று பையனிடம் கேட்டேன். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த கதையை மூச்சுவிடாமல் சொன்னான். கண்ணில் உண்மையான வெளிச்சம். "அந்த நோயாளி அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தார் தம்பி?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. 18 நாள். நுரையீரல் அழற்சி வந்து போய்ச் சேர்ந்தார். "அந்த 18 நாளும் கட்டில் பக்கத்தில் நின்றவர்களின் வேலைதான் நீ கேட்கிற துறை. அது உனக்குப் பிடிக்குமா என்று பார்த்துவிட்டு வா" என்றேன்.

இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் சொல்லப்போவது அதையேதான். அறுவை நடக்கும் இரண்டு மணி நேரத்தை வைத்துத் துறையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து போவீர்கள். அறுவைக்கு முந்திய வரிசை, பிந்திய இரவுகள், மறுபடி மறுபடி வருகிற அதே நோய், சிக்கலாகிப் போனவரின் வீட்டாரோடு பேசவேண்டிய பத்து நிமிடம் ஆகியவைதான் ஒரு துறையின் உண்மையான முகம்.

பாதையை முதலில் அளந்துகொள்ளுங்கள்

இந்த நாட்டில் மருத்துவப் பட்டம் பெரும்பாலும் 6 ஆண்டு. பிறகு 2 ஆண்டு பயிற்சி. அதன்பின் 1 ஆண்டு சமூகச் சேவை. 1998 முதல் மருத்துவர்களுக்கு இது கட்டாயம். இவ்வளவும் முடிந்த பிறகே சுகாதாரத் தொழில் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ. உங்களைத் தனித்துத் தொழில் செய்யலாம் என்று பதிவு செய்கிறது. அங்கிருந்து நேராக ரெஜிஸ்ட்ரார் இடம், அதாவது நிபுணர் பயிற்சிக்கான பணியிடம், கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோர் ஓரிரு ஆண்டாவது மெடிக்கல் ஆபீசராக வேலை பார்க்கிறார்கள். ரெஜிஸ்ட்ரார் பயிற்சி துறையைப் பொறுத்து 4 அல்லது 5 ஆண்டு. ரத்தநாளம், காயச் சிகிச்சை போன்ற உட்பிரிவுக்குப் போனால் மேலும் 2 ஆண்டு. பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தவர் நிபுணராக வெளியே வரும்போது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருப்பார். கல்யாணம், வீட்டுக் கடன், வயதான பெற்றோர் எல்லாம் இந்த ஆண்டுகளுக்குள்தான் வரும். வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.

ரெஜிஸ்ட்ராருக்கு எஜமானர் இருவர். சம்பளம் தருவது மாகாண சுகாதாரத் துறை, படிப்பது பல்கலைக்கழகத்தில். நிபுணர் தேர்வை நடத்துவது சி.எம்.எஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு. பொது அறுவைக்கு எஃப்.சி.எஸ். பட்டம், அதில் முதற்கட்டம், இடைக்கட்டம், இறுதிக்கட்டம் என்று மூன்று படி. 2011 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு எம்.மெட் என்னும் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வும் சேர்ந்துகொண்டது. தேர்வில் வென்றும் ஆய்வை முடிக்காததால் நிபுணர் பதிவு கிடைக்காமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டர்பனில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்கென்று மருத்துவக் கல்லூரி திறந்ததே 1951-இல்தான். அதற்கு முன் நம் இந்தியப் பிள்ளைகள் பெரும்பாலும் கடல் கடந்தே டாக்டர் ஆனார்கள். நம் டர்பன் பெண் டாக்டர் குணம் எடின்பரோவில் படித்துத் திரும்பியது அப்படித்தான். இன்று வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் பயிற்சி இருக்கிறது. அந்த இடத்தை அரைமனத்தோடு எடுப்பவரைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வருகிறது.

அறுவைதானா என்பதை முடிவு செய்யுங்கள்

துறைக்குப் போகும் முன் இந்தக் கேள்வி. தியேட்டருக்குள் நிற்பது பிடிக்கிறது என்பதும் அறுவை செய்வது பிடிக்கிறது என்பதும் வேறு வேறு. ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். நீண்ட அறுவை ஒன்றில் உதவிக்கு நிற்கும்போது, மூன்றாம் மணி நேரத்தில் உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். காயத்துக்குள்ளேயே இருக்கிறதா, மயக்க மருத்துவரின் திரையில் ஓடும் கோடுகளுக்குப் போகிறதா? என் தோழர் ஒருவருக்கு எப்போதும் திரைமேல்தான் கண். இரண்டு ஆண்டு அறுவையில் உழன்ற பிறகு மயக்கவியலுக்குப் போனார். இன்று நான் நம்பி நோயாளியை ஒப்படைக்கும் முதல் ஆள் அவர்தான். மயக்கவியல், அவசர மருத்துவம், கதிரியக்கவியல் எல்லாமே கைத்திறன் கேட்கும் துறைகள். 'அறுவை கிடைக்காதவன் போகிற இடம்' என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கசப்பானது. உங்கள் கையால் ஒருவருக்குத் தீங்கு நேரும், நேர்ந்தே தீரும். குடலைச் சேர்த்துத் தைத்த இடம் ஐந்தாம் நாள் கசியும். அன்று காலை அந்தக் கட்டிலுக்குப் போவீர்களா, வேறு வார்டில் வேலை இருப்பதாகச் சொல்வீர்களா? போகிறவராக இருந்தால் மேலே படியுங்கள்.

துறை துறையாகப் பாருங்கள்

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, மனத்தில் இருக்கும் ஒவ்வொரு துறைக்கும் மூன்று வரி எழுதுங்கள். அடிக்கடி வரும் நோயாளி யார்? அடிக்கடி வரும் சிக்கல் எது? விடியற்காலை மூன்று மணிக்கு எதற்காகத் தொலைபேசி அடிக்கிறது? புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். அந்தத் துறையின் ரெஜிஸ்ட்ராரோடு ஓர் இரவு இருந்துவிட்டு எழுதுங்கள்.

பொது அறுவை என்றால் பாடப்புத்தகத்தில் குடல்வாலும் பித்தப்பையும் முன்னே நிற்கும். நம் ஊரில் அது கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, முற்றிய நிலையில் வரும் மார்பகப் புற்றுநோய், வயிறு முழுக்கச் சீழோடு நான்கு நாள் கழித்து வரும் குடல்வால், இவற்றோடு நீரிழிவுக் கால். காயத்துக்கு இங்கே கற்பது போல் உலகில் சில இடங்களில்தான் கற்க முடியும். சோவெட்டோவின் கிறிஸ் ஹானி பரக்வானத், கேப் டவுனின் குரூட் ஸ்கூர், நம் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆகிய இடங்களுக்கு வெளிநாட்டிலிருந்து மருத்துவர்கள் வந்து நின்று கற்கிறார்கள். வயிற்றில் குத்துப்பட்டவரை எல்லாம் திறக்க வேண்டியதில்லை; மணிக்கு மணி கையால் தொட்டுப் பார்த்துக் காத்திருக்கலாம் என்ற அணுகுமுறை வளர்ந்ததில் இந்நாட்டு அனுபவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் காத்திருப்பு எளிதன்று. திறந்துவிட்டால் மனம் ஆறும். திறக்காமல் ஆறு மணி நேரம் பக்கத்தில் இருப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

நீரிழிவுக் காலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் நீரிழிவு மிக அதிகம். எனக்குத் துறையைத் தேர்ந்துகொடுத்தவர் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற சர்க்கரை ஆலைத் தொழிலாளி. பழைய தமிழ் பேசுவார். பெருவிரல் கறுத்து வந்தார். எடுத்தோம். மூன்று வாரத்தில் பாதத்தின் முன்பகுதி. பிறகு ஒரு மாலை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இத்தோடு நிற்குமா அப்பா?" என்று கேட்டார். நிற்கும் என்று நம்புகிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மறுநாள் அறுவை முடிந்து, தொடைத் தமனியின் துடிப்பை விரலில் உணர்ந்தபோது, இவர் போன்றவர்கள் வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தாலும் எனக்குச் சலிக்காது என்று தெரிந்தது. அழகான அறுவை என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். எனக்கான துறை அங்கேதான் இருந்தது.

எலும்பியல் உழைப்புக் கேட்கும். வெள்ளி இரவும் சம்பள நாள் வார இறுதியும் சாலை விபத்துகளோடு வரும். ஆனால் உடைந்ததைச் சேர்த்துவிட்டால் மறுநாளே படத்தில் பலன் தெரியும். அந்த நிறைவு வேறு துறையில் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களின் பட்டியலும் உங்கள் தோளில்தான் இருக்கும்.

நரம்பியல் அறுவையின் பெயரைக் கேட்டே மயங்குபவர்கள் உண்டு. தலைக்காயத்தில் பிழைத்து, பேச்சு திரும்பாமல் வீட்டுக்குப் போகும் இளைஞனின் தாயோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். இதய, நெஞ்சகத் துறையில் காசநோய் தின்ற நுரையீரலும் வாதக்காய்ச்சல் கெடுத்த வால்வும் இன்னும் நிறைய. குழந்தைகள் அறுவையில் நோயாளி இரண்டு கிலோ. உங்கள் தவற்றுக்கான இடம் மில்லிமீட்டரில். பிளாஸ்டிக் சர்ஜரி என்றவுடன் மூக்கழகு நினைவுக்கு வந்தால், அரசு மருத்துவமனையின் தீப்புண் வார்டுக்குப் போய் வாருங்கள். பாரஃபின் அடுப்பு கவிழ்ந்தவர்களும் கெட்டில் வெந்நீர் கொட்டிய குழந்தைகளும் அங்கே மாதக்கணக்கில் இருக்கிறார்கள். பொறுமை உள்ளவருக்கு அந்தத் துறை.

சிறுநீர்ப்பாதை, காது மூக்கு தொண்டை, கண் ஆகிய மூன்றும் கருவி நுணுக்கம் பிடித்தவர்களுக்கு. இரவுகள் ஒப்பீட்டளவில் இலகு. அதைக் காரணமாகச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மகப்பேறு தனித்துறை என்றாலும் அறுவைதான். நொடியில் முடிவெடுக்கும் மனம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பயிற்சி ஆண்டுகளை வீணாக்காதீர்கள்

மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை, எலும்பு, மயக்கவியல், குடும்ப மருத்துவம், மனநலம் என்று எல்லா வாசலும் இந்த இரண்டு ஆண்டில் திறக்கும். அறுவை விரும்புபவர் மயக்கவியலில் அதிகம் உழைக்க வேண்டும் என்பது என் கருத்து. மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்த அறுவை மருத்துவர் ஆளில்லா இடத்தில் உயிர் காப்பார்.

இந்த ஆண்டுகளில் சரியாகக் கற்க வேண்டியவற்றுள் முதலாவது, நெஞ்சுக்கூட்டில் தேங்கும் ரத்தத்தையும் காற்றையும் வடிக்கும் நெஞ்சுக் குழாய். என் தவற்றையே சொல்கிறேன். குத்துப்பட்ட இளைஞன், நெஞ்சுக்கூட்டில் ரத்தம். ஐந்தாவது விலா இடைவெளி, அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் கீறினேன். விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் உள்ளே போக வேண்டும். கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. அதுவரை சரி. இடுக்கியால் தசையை விலக்கிய பிறகு விரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நுரையீரல் மூச்சோடு வந்து விரல் நுனியைத் தொடும். வரிசையில் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். விரலை விடாமல் குழாயை விட்டேன். தைத்து, கட்டுப்போட்டு, அடுத்தவரிடம் போய்விட்டேன். அரைமணி கழித்து இரவுப்பணி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பாட்டிலைக் காட்டி, "டாக்டர், தண்ணீர் ஏறி இறங்கவில்லையே" என்றார். குழாய் தோலுக்கடியில் தசையின்மேல் படுத்துக்கிடந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். ஒன்றரை லிட்டர் வந்தது. அவன் பிழைத்தது அந்த சிஸ்டரால். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் விரலை விடுங்கள். வைத்து முடித்ததும் பாட்டிலைப் பாருங்கள். சிஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் நாளிலிருந்தே பதிவேடு எழுதுங்கள். தேதி, வயது, நோய், செய்தது என்ன, உங்கள் பங்கு என்ன: பார்த்தீர்களா, உதவினீர்களா, மேற்பார்வையில் செய்தீர்களா, தனியாகச் செய்தீர்களா? முப்பதாம் நாள் நோயாளி எப்படி இருந்தார் என்ற கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது யாரும் கேட்காத கட்டம், உங்களை வளர்க்கும் கட்டம். நோயாளியின் பெயரையும் முகத்தையும் உங்கள் கைபேசியில் வைக்காதீர்கள். போபியா என்னும் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் காயப் படங்கள் சுற்றிக்கொண்டிருப்பது சரியில்லை.

கையைப் பழக்குங்கள்

காவடிக்கு முந்திய இரவு என் ஆயா சாமந்தி மாலை கட்டுவார். இடது விரல் இரண்டில் நூல் சுற்றி, பூ வைத்து, வலக்கை ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. பேச்சு நம்மோடு இருக்கும். கண் வாசலில் இருக்கும். முடிச்சு ஒன்றும் நழுவாது, காம்பு ஒன்றும் அறுபடாது. ஒற்றைக் கை முடிச்சை ரெஜிஸ்ட்ரார் எனக்குக் காட்டியபோது, இதை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. இழுவிசையின் அளவு அதேதான்: நழுவக்கூடாது, அறுக்கவும் கூடாது.

பட்டு நூலை மேசை இழுப்பறையின் கைப்பிடியில் கட்டி இரவுக்கு 100 முடிச்சு போடுங்கள். கை பழகியதும் ஈரமான கையுறையோடு. அதன்பின் இடது கையால். பிறகு வெற்றுத் தகர டம்ளருக்குள் ஒரு கொக்கியை ஒட்டி, டம்ளர் அசையாமல் உள்ளே முடிச்சு போடுங்கள். டம்ளர் மேலே எழும்பினால் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயைப் பிய்த்துவிட்டீர்கள் என்று பொருள். தையலுக்குக் கோழிக்கால் நல்லது. புரட்டாசியில் இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் வாழைப்பழத் தோல் போதும். அது கோழியைவிடக் கறாரான ஆசிரியர், கொஞ்சம் இழுத்தாலும் கிழிந்துவிடும். நுண்துளை அறுவைக்கு அட்டைப்பெட்டி, கைபேசிக் கேமரா, பழைய கருவி இரண்டு போதும். அடிப்படை அறுவைத் திறன் வகுப்புக்கும் காயச் சிகிச்சை வகுப்பான ஏ.டி.எல்.எஸ்-க்கும் முன்கூட்டியே பணம் சேர்த்து வையுங்கள்.

'கைராசி' என்று நம் சனங்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன். ஆயாவின் மாலைபோல் அது இரவுக்கு இரவு சேர்வது.

சமூகச் சேவை ஆண்டு

நகரத்திலேயே இடம் கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். கை கற்க விரும்புபவர் மாவட்ட மருத்துவமனையைக் கேட்டு வாங்குங்கள். சிசேரியன், வயிறு திறத்தல், திறந்த எலும்பு முறிவுக்குச் சிகிச்சை ஆகிய மூன்றையும் செய்ய முடிகிற மருத்துவமனை மற்ற அவசர அறுவைகளையும் சமாளிக்கும் என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்னது. இவற்றுள் சிசேரியனும் அதற்கான முதுகுத்தண்டு மயக்கமும் கிராமத்து மருத்துவமனையில் இளைய மருத்துவர்கள் தலையில்தான் விழுகின்றன. மேற்பார்வை இருக்கிறதா, ரத்தம் இருக்கிறதா, மாற்றி அனுப்ப ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று சேரும் முன்பே கேளுங்கள். மூன்றுக்கும் பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

இந்த ஆண்டில் தொலைபேசியில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். மேல் மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பும்போது வயது, என்ன நடந்தது, ரத்த அழுத்தமும் துடிப்பும், நீங்கள் செய்தது, உங்களுக்கு வேண்டியது என்ற வரிசையில் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருக்கும் ரெஜிஸ்ட்ராருக்கு உங்கள் பெயர் நினைவிருக்கும். நேர்காணல் அறைக்கு நீங்கள் போய்ச் சேரும் முன்பே உங்கள் பெயர் போய்ச் சேர்ந்திருக்கும்.

மொழியையும் சேர்த்துப் படியுங்கள்

டர்பன் இருக்கும் குவாசுலு நாட்டால் மாகாணத்தில் வேலை செய்யப்போகிறவருக்கு சூலு மக்களின் மொழியான இசிசூலு தெரியாமல் அறுவை வராது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். குவாசுலு நாட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு அதைக் கட்டாயப் பாடமாக்கியது. தேர்வுக்குப் படித்தது போதாது. "குபுஹ்லுங்கு குபி?" என்று எங்கே வலிக்கிறது எனக் கேட்கலாம், பதிலைப் புரிந்துகொள்வதுதான் கடினம். தரை துடைக்கும் அம்மாவை மொழிபெயர்க்க வைத்துக் காலை எடுக்கச் சம்மதம் வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வார்டு சிஸ்டர்களிடம் நாளுக்கு ஒரு வாக்கியம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதற்கட்டத் தேர்வு

உடற்கூறு, உடலியங்கியல், நோயியல். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ரெஜிஸ்ட்ரார் இடத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைக் கடந்திருப்பது ஏறக்குறைய நுழைவுச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. ஆகவே மெடிக்கல் ஆபீசராகச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். சமூகச் சேவை ஆண்டின் நடுவில் தொடங்கிவிடுங்கள்.

முதல் முறை நான் தோற்றேன். உடற்கூற்றைக் கதை போலப் படித்தேன். படிக்கும்போது எல்லாம் புரிந்தது, தாளில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை படிப்பதைக் குறைத்து வரையத் தொடங்கினேன். காலையில் தியேட்டர் பட்டியலின் பின்பக்கத்தில் நினைவிலிருந்து ஒரு படம்: இன்று கவட்டைக் கால்வாய், நாளை அக்குள், மறுநாள் கழுத்து முக்கோணங்கள். அன்று பார்த்த அறுவையின் உடற்கூற்றை அன்றிரவே திருப்பினேன். நோயியலுக்கு மூன்று பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பாடம் எடுத்தோம். எட்டு மாதம், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். இரவுப் பணிக்கு மறுநாள் படிப்பே இல்லை. அன்று படித்தது எதுவும் மண்டையில் நின்றதில்லை.

இடம் உடனே கிடைக்காது என்று தோன்றினால் சி.எம்.எஸ்.ஏ.வின் அறுவை உயர் டிப்ளோமாவும் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையிலேயே நிலைத்து அறுவை செய்ய விரும்புபவர்களுக்கு அது நல்ல பாதை. அதையும் மரியாதையாகவே நினையுங்கள்.

உடம்பும் வீடும்

ஊசி குத்தும். எச்.ஐ.வி. அதிகமுள்ள மாகாணம் நம்முடையது. இரட்டைக் கையுறை, கண்ணாடி, ஊசியைக் கையிலிருந்து கைக்குத் தராமல் தட்டில் வைத்து எடுப்பது ஆகிய மூன்றும் பழக்கமாக வேண்டும். குத்திவிட்டால் அறுவையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கழுவுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். 28 நாளும் விடாமல் சாப்பிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்கள் இருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி மருத்துவரின் தொடர்பணி 24 மணி நேரமும் ஒப்படைக்க 2 மணி நேரமுமாக 26-க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்த 26-க்குப் பிறகு காரை எடுக்காதீர்கள். ஓய்வறையில் ஒரு மணி நேரம் தூங்குங்கள், அல்லது அண்ணனையோ அக்காவையோ வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மாக்களும் அத்தைமார்களும் "அறுவை பெண்ணுக்கு ஒத்துவராது, தோல் நோயைப் படி" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். எனக்குக் கீழே பயின்றவர்களில் மிகத் திடமான கைகள் இரண்டு பெண்களுடையவை. மகப்பேறு விடுப்பு சட்டப்படி உங்கள் உரிமை; பயிற்சிக் காலம் அதற்கேற்ப நீளும், அவ்வளவுதான். துறையில் சேரும் முன் அங்கே குழந்தை பெற்ற ரெஜிஸ்ட்ரார் யாராவது இருக்கிறாரா என்று பார்த்து அவரிடம் தனியாகப் பேசுங்கள். துறைத்தலைவர் சொல்லாததை அவர் சொல்வார்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு

சீனா, ரஷ்யா, மொரீஷியஸ், இந்தியா என்று போய்ப் படித்து வரும் நம் பிள்ளைகள் எச்.பி.சி.எஸ்.ஏ. தேர்வைத் தாண்டித்தான் பயிற்சிக்குள் நுழைய வேண்டும். சான்றிதழ்களைக் கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே பயிற்சிக்கு வர நினைக்கும் மருத்துவர்கள், ரெஜிஸ்ட்ரார் இடங்களில் குடிமக்களுக்கே முன்னுரிமை என்பதை அறிந்து, சுகாதாரத் துறையின் ஒப்புதலும் பதிவும் எழுத்தில் கைக்கு வரும் வரை வேலையை விடாதீர்கள்.

ஆய்வை முதல் ஆண்டிலேயே கையில் எடுங்கள்

எம்.மெட் ஆய்வுக்கு உலகை மாற்றும் கேள்வி வேண்டாம். உங்கள் வார்டில் தினமும் உறுத்தும் ஒன்றை எடுங்கள்: நீரிழிவுக் காலோடு வருபவர்கள் முதல் மருத்துவரைப் பார்த்ததிலிருந்து எங்களிடம் வர ஏன் இவ்வளவு நாளாகிறது என்பது போல. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே மாதங்கள் ஓடும். மெடிக்கல் ஆபீசராக இருக்கும்போதே ஒரு ரெஜிஸ்ட்ராரின் ஆய்வில் தகவல் சேகரிக்க உதவினால், உங்கள் முறை வரும்போது பாதி வழி தெரிந்திருக்கும்.

விண்ணப்பம்

ரெஜிஸ்ட்ரார் இடங்கள் மாகாண விளம்பரத்தில் வரும். அரசு வேலைக்கான விண்ணப்பமான இசட் 83 படிவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். கையொப்பம் இல்லாத ஒரே காரணத்துக்காக நல்ல பிள்ளைகள் வடிகட்டப்பட்டதைப் பார்த்தபோது மனம் கொதித்தது. விரும்பும் துறையிலேயே மெடிக்கல் ஆபீசராக ஆறு மாதமாவது இருந்திருந்தால் பெரிய பலம். டர்பனில் சேர்ந்தாலும் பீட்டர்மரிட்ஸ்பர்க், எம்பங்கேனி என்று சுழற்சியில் போக வேண்டி வரும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று கேட்பார்கள். முன்பு எழுதிய அந்த மூன்று வரிதான் பதில். உங்கள் கையால் நேர்ந்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள் என்றும் கேட்பார்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த அறைகளில், இந்தக் கேள்விக்கு 'அப்படி ஒன்றும் நேரவில்லை' என்று சொன்னவருக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அந்த நோயாளி பிறகு என்ன ஆனார் என்பது உட்பட.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். எனக்கும் இரண்டாம் முறைதான் கிடைத்தது. காலியாக இருக்கிறதே என்று வேறு துறைக்கு உடனே தாவாதீர்கள். பிடிக்காத துறையில் ஐந்து ஆண்டு, காத்திருக்கும் ஓர் ஆண்டைவிட நீளம். துறைத்தலைவரிடம் நேரம் கேட்டு, எதில் குறை என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த விளம்பரம் வந்ததும் படிவத்தைப் புதிதாக நிரப்புங்கள். பழையதில் தேதியை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டாம். அந்த ஓர் ஆண்டில் பதிவேட்டில் சேர்ந்த பக்கங்களையும் இணைத்து அனுப்புங்கள்.